தினமும் ஜனவரி ஒன்று

காலத்தை வென்றவர்கள் என்று பலரைச் சொல்வார்கள். அவர்களில் பாதிப் பேர் செத்துப்போனவர்கள். மீதிப் பேர் தாங்களே அப்படிச் சொல்லிக்கொள்பவர்கள். உண்மையிலேயே காலத்தைப் பிடித்து, கட்டிப்போட்டு, தினமும் காலை எட்டு மணிக்கு அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்திய பெருமை உலகத்தில் ஒரே ஓர் அலுவலகத்துக்குத்தான் உண்டு. அது நான் வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கு அலுவலகம். இதைத் தற்பெருமையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் அங்கே சரக்கு அனுப்பும் பிரிவில் ஒரு சாதாரண குமாஸ்தா. அதுவும் அலுவலகப் பதிவேட்டின்படி, இன்னும் வேலைக்குச் சேராத குமாஸ்தா.

எங்கள் கட்டிடத்துக்கு ஜன்னல் கிடையாது. முன்பக்கம் அலுவலகக் கூடம், பின்பக்கம் கிடங்கு. கூடத்தின் மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் பதிவறை. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர். சரக்கு, சம்பளம் எல்லாம் வேறு கம்ப்யூட்டர்களில் ஓடுகின்றன. அவை சாதாரண கம்ப்யூட்டர்கள். இதுதான் முக்கியமானது. யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார், யாருக்கு எப்போது லீவு, எந்த நாற்காலிக்கு எந்தக் கால் போயிற்று, யார் எப்போது ஓய்வு பெற வேண்டும் என்பதெல்லாம் அதற்குத்தான் தெரியும். பாதுகாப்பு கருதி அதற்கு இணைய இணைப்பு கொடுக்கவில்லை. எனவே வெளியே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்த விஷயத்தில் அது எங்கள் எல்லோரையும் போலத்தான்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவரைப் பதிவறை அக்கா என்போம். ஒரு நாள் காலை நான் உள்ளே போனபோது, திரையைப் பார்த்துக்கொண்டே, "ஹேப்பி நியூ இயர் தம்பி" என்றார்.

வெயில் கொளுத்தும் மாதம் அது. அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று எட்டிப் பார்த்தேன். திரையில் 'ஜனவரி 1, 2009, நள்ளிரவு 12 மணி 4 நிமிடம்' என்று இருந்தது.

அக்கா தேதியைத் திருத்தினார். மறுநாள் காலையில் மறுபடியும் 2009 பிறந்திருந்தது. அதற்கு மறுநாளும். காரணம் எளிமையானது. 'பசுமை அலுவலகம்' என்று தலைமை அலுவலகம் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. மாலை ஆறு மணிக்கு எல்லோரும் வெளியேறியதும் வாட்ச்மேன் அண்ணன் எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட வேண்டும். மின்சாரம் போனதும் கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிடும். காலையில் பச்சைக் குழந்தை மாதிரி கண்விழித்து, 2009இலிருந்து ஆரம்பிக்கும்.

ஒரு வாரம் அக்கா தினமும் திருத்தினார். எட்டாம் நாள் மேனேஜர் பார்த்துவிட்டார்.

எங்கள் மேனேஜருக்கு 'ரூல்தடி' என்று பட்டப்பெயர். நேராக இருப்பார், மற்றவர்களையும் நேர்கோட்டில் வைப்பார், வளைத்தால் உடைவாரே தவிர வளையமாட்டார். அவர் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா பண்ற?"

"தேதி தப்பா காட்டுது சார். சரி பண்றேன்."

"ஆபீஸ் ரெக்கார்டுல கையால தேதிய மாத்தினா அதுக்கு என்ன பேரு தெரியுமா?"

"திருத்தம் சார்."

"மோசடி."

அன்றைக்கே தேதி மாற்றும் வசதிக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினார். திரைக்குக் கீழே, 'இக்கணினி காட்டும் தேதியே அலுவலகத் தேதி' என்று ஒரு சீட்டு ஒட்டப்பட்டது. அதற்கு மாறாகப் பேசிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரம் இறக்கப்பட்டு அலமாரிக்குள் போயிற்று. இவ்வளவு துணிச்சலான நடவடிக்கையை எந்த அரசரும் எடுத்ததில்லை. அவர்கள் தங்களை எதிர்த்த மனிதர்களைத்தான் உள்ளே வைத்தார்கள்.

மெக்கானிக் வரவழைக்கப்பட்டார். சோனியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர். பெட்டியின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். பல் வைத்தியர் மாதிரி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார். உள்ள ஒரு பேட்டரி இருக்கும். காசு மாதிரி வட்டமா. கரண்ட் இல்லாத நேரத்துல தேதிய ஞாபகம் வெச்சுக்கிறது அதோட வேலை. அது செத்துப்போச்சு. மாத்தினா சரியாயிடும். ரெண்டு நிமிஷ வேலை."

பேட்டரி கையிலேயே இருந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பொட்டு மாதிரி மினுங்கியது. எனக்குப் பெட்டியைத் திறந்து நானே போட்டுவிடலாம் என்று கை அரித்தது. மேனேஜர் அதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "பணி ஆணை எங்க?" என்றார்.

இந்த இடத்தில் எங்கள் அலுவலகத்தின் 'முதிர்வு விதி'யைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எந்தப் பழுதானாலும் முதலில் பதிவறைக் கம்ப்யூட்டரில் புகாராகப் பதிய வேண்டும். புகார் முப்பது நாள் முதிர வேண்டும். முதிர்ந்ததும் கம்ப்யூட்டரே பணி ஆணையை அச்சடித்துத் தரும். இது ஆழ்ந்த அனுபவத்தில் பிறந்த விதி. முப்பது நாளில் பாதிப் பழுதுகள் தாமாகவே சரியாகிவிடுகின்றன. மீதிப் பாதி பழகிவிடுகிறது.

அக்கா புகாரைப் பதிய உட்கார்ந்தார். கம்ப்யூட்டரின் எண்ணைப் போட்டதும், 'அப்படி ஒரு பொருள் இன்னும் வாங்கப்படவில்லை' என்று கம்ப்யூட்டர் பதில் சொன்னது. 2009இல் அது எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கவில்லை. பிறக்காதவனுக்கு எப்படி நோய் வரும்? கடைசியில் கட்டிடம் திறந்த நாளிலிருந்தே இருக்கும் ஒரே பொருளான சுவர்க் கடிகாரத்தின் பெயரில் பதிந்தார். 'சுவர்க் கடிகாரம். நேரம் தவறுகிறது. பேட்டரி மாற்ற வேண்டும்.' புகார் தேதி ஜனவரி ஒன்று. ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மறுநாள் காலை புகாரைத் திறந்தோம். இன்றைய தேதி: ஜனவரி ஒன்று. புகாரின் வயது: பூஜ்யம் நாள்.

அதற்கு அடுத்த நாள்: பூஜ்யம்.

ஒரு மாதம் கழித்து மெக்கானிக் வந்து பார்த்தார். பூஜ்யம். பேட்டரியைப் பையிலிருந்து எடுத்தார், துடைத்தார், மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டார். "வயசே ஆகாத புகார இப்பதான் சார் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உலகத்தில் எல்லாப் பெண்களும் தேடுகிற அந்த மருந்து எங்கள் பதிவறையில் இருந்தது. பதிவறை அக்காவுக்கே பதினாறு வயது குறைந்திருந்தது. அதை ஒரு தரம் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகு அக்கா கம்ப்யூட்டரைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டார்.

இடையில் 'நேர மேலாண்மை' பற்றிப் பாடம் நடத்த ஒரு பயிற்சியாளர் வந்தார். ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து, ஒவ்வொரு நிமிடமும் பொன் என்று சொன்னார். முடிவில் எல்லோருக்கும் சான்றிதழ். அதில் அச்சான தேதியைப் பார்த்துவிட்டு அவர், அன்றைக்குத் தான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்ததாகத் தயக்கத்தோடு சொன்னார். மேனேஜர், அவ்வளவு சின்ன வயதிலேயே இவ்வளவு பேருக்குப் பாடம் நடத்தியது பெரிய விஷயம் என்று பாராட்டி அனுப்பினார்.

இதுவரைக்கும் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு என் இரண்டு வருடம் முடிந்தது.

இரண்டு வருடம் வேலை பார்த்தால் ஊருக்குப் போய்வர ஒரு மாத லீவு. இது ஒப்பந்தத்தில் உள்ளது. ஊரிலிருந்து நான் இந்த நாட்டுக்குக் கிளம்பும்போது என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். மகள் பிறந்ததையும், குப்புற விழுந்ததையும், நடந்ததையும் போனில்தான் பார்த்தேன். அவளும் என்னைப் போனில்தான் பார்த்திருக்கிறாள். அதனால் அவளுக்கு அப்பா என்றால் போன்.

"சார்ஜ் போட்டா 'அப்பா சாப்பிடுறாங்க'ங்கறா," என்றாள் மனைவி. "நேத்து கை தவறி போன் கீழ விழுந்திடுச்சு. 'அப்பா விழுந்துட்டாங்க'ன்னு ஒரு மணி நேரம் அழுதா. தைலம் தேய்க்கணுமாம்."

"தேய்ச்சியா?"

"பின்ன? இப்ப உங்க முகத்துல எண்ணெயா இருக்கு. சரியா தெரிய மாட்டேங்குது. எப்ப வர்றீங்க?"

லீவு விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு பதிவறைக்குப் போனேன். அக்கா என் எண்ணைத் தட்டினார். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்தது. பிறகு, 'இவர் பதினான்கு ஆண்டுகள் கழித்துப் பணியில் சேரவுள்ளார். விடுப்புக்குத் தகுதி இல்லை' என்றது.

மேனேஜரிடம் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். என் நிலைமை அவருக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததால்தான் பொறுமையாக விளக்கினார். வேலைக்கே சேராத ஒருவனுக்கு லீவு கொடுத்தால், நாளைக்குத் தெருவில் போகிறவர்கள் எல்லோரும் லீவு கேட்டு வந்துவிடுவார்கள் அல்லவா?

"அப்ப நான் சேரவே இல்லன்னா, என் பாஸ்போர்ட்டக் குடுங்க சார். நான் பாட்டுக்குப் போயிடுறேன்."

எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டுகளும் மேனேஜரின் இரும்பு அலமாரியில் 'பத்திரமாக' இருக்கின்றன. சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில்.

"சேராதவனோட பாஸ்போர்ட் எங்கிட்ட எப்படிப்பா இருக்கும்?" என்றார் மேனேஜர்.

இவ்வளவு தெளிவான பதிலுக்கு மேல் என்ன பேசுவது? நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பழக்கம்.

அன்று மதியம் சாப்பாட்டு அறையில் அக்கா தன் டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மேனேஜருக்குப் போன மாதமே அறுபது முடிந்துவிட்டது. ஓய்வு ஆணையை அச்சடிக்க வேண்டியது அதே கம்ப்யூட்டர். அதன் கணக்கில் அவருக்கு நாற்பத்து நான்கு. இன்னும் பதினாறு வருடம் இருக்கிறது. தலைமை அலுவலகம் அந்தக் கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் நம்பும்.

"அப்ப அவருக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியாம என்ன? அவருக்குன்னு வீட்டுல யாரு இருக்கா சொல்லு. ஞாயித்துக்கிழமை கூட இங்க வந்துதான் பேப்பர் படிக்கிறாரு. நீ வீட்டுக்குப் போகணும்னு தவிக்கிற. அவரு வீட்டுக்குப் போகணுமேன்னு தவிக்கிறாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தப் பேட்டரி மாட்டிக்கிச்சு, பாவம்."

அப்போது ஊரிலிருந்து போன் வந்தது. மகள் திரையை நக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் தண்ணீர் பிடிக்க உள்ளே வந்தார். என் தோளுக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்திருக்க வேண்டும். மகள் விரலை நீட்டி, "தாத்தா" என்றாள்.

அலுவலகத் தேதிப்படி அவருக்கு நாற்பத்து நான்கு வயது. இதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அறையில் இருந்த எல்லோரும் தத்தம் டப்பாவுக்குள் ஆழ்ந்து பார்த்தோம். மேனேஜர் தம்ளரை நிரப்பினார், குடிக்காமல் வைத்தார், வெளியே போனார். முகம் கழுவும் இடத்தில் உள்ள கண்ணாடியின் முன்னால் வெகுநேரம் நின்றார் என்று வாட்ச்மேன் அண்ணன் பிறகு சொன்னார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. புகார் முப்பது நாள் முதிர வேண்டும், அவ்வளவுதானே? உண்மையான நாள் வேண்டியதில்லை. கம்ப்யூட்டரின் நாள் போதும். முப்பது நாள் அதை அணைக்காமல் வைத்திருந்தால் அது பாட்டுக்கு ஜனவரி ஒன்று, இரண்டு, மூன்று என்று வளர்ந்து முப்பத்தொன்றைத் தொட்டுவிடும். விதியை மீறவே வேண்டாம். விதி தூங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வாட்ச்மேன் அண்ணனிடம் போய்க் கேட்டேன். பதிவறைக்குத் தனி சுவிட்ச். அதை மட்டும் அணைக்காமல் விட வேண்டும். அவர் நெற்றியைச் சொறிந்தார். உத்தரவை மீறிய குற்றத்துக்குத் தன் வேலை போகும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பாப்பா பேசுகிற வீடியோ இருந்தால் காட்டு என்றார். காட்டினேன். "ஒரு சுவிட்ச மறக்கிறது மனுஷ சுபாவம்தானே" என்றார்.

அக்காவுக்குத்தான் மனம் வரவில்லை. "பதினாறு வயசு போகுதே தம்பி" என்று இரண்டு நாள் இழுத்தார். மூன்றாம் நாள் தன் பழைய சால்வையைக் கொண்டுவந்து, வெளிச்சம் தெரியாதபடி திரையை மூடினார்.

அதன் பிறகு அந்தக் கம்ப்யூட்டரை நாங்கள் பார்த்துக்கொண்ட மாதிரி பிரசவம் ஆன வீட்டில் கூடப் பார்த்துக்கொள்ளமாட்டார்கள். காலையில் வந்ததும் நான் செருப்பைக் கூடக் கழற்றாமல் பதிவறைக்கு ஓடுவேன். அக்கா சால்வையை விலக்குவார். ஜனவரி ஐந்து. புகாரின் வயது நான்கு நாள். ஜனவரி பன்னிரண்டு. ஜனவரி இருபது. "நல்லா தேறி வருது" என்பார் அக்கா. ஊரில் மகள் வளர்வதைப் போனில் பார்த்தேன். இங்கே புகார் வளர்வதை நேரில் பார்த்தேன். ஒரு தகப்பனுக்கு ஏதாவது ஒன்றாவது கண்ணெதிரே வளர வேண்டாமா?

ஜனவரி இருபத்தேழு அன்று சுற்றறிக்கை வந்தது. 'பசுமை அலுவலகம்' திட்டத்தின் முதலாம் ஆண்டு நிறைவை ஒட்டி நாளை மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு 'இருள் அரைமணி' அனுசரிக்கப்படும். தலைமை அலுவலகத்திலிருந்து பசுமை அதிகாரி நேரில் வருவார். மேலாளர் தன் கையால் மெயின் சுவிட்சை அணைப்பார்.

மெயின் போனால் தனி சுவிட்சும் போகும். இருபத்தெட்டு நாள் போகும். மறுபடியும் ஜனவரி ஒன்று.

நான் மெக்கானிக்குக்குப் போன் பண்ணினேன். அவர் ஒரு பழைய யு.பி.எஸ். பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைத் தாங்கிப் பிடிக்கிற பெட்டி.

"அரை மணி நேரம் தாங்கும். திரைய அணைச்சு வெச்சா இன்னும் ரெண்டு நிமிஷம் கூட. ஆனா ஒரு குறை. கரண்ட் இல்லாதப்ப கத்தும்."

"கத்துமா?"

"கீக், கீக்னு. கத்துறத நிறுத்துற பட்டன் செத்துப்போச்சு."

"அதுக்கும் புகார் பதியணுமா?" என்றார் அக்கா.

என்னிடம் இருந்த ஒரே கம்பளிச் சட்டையால் பெட்டியைச் சுற்றினேன். மேலே பழைய கோப்புகளை அடுக்கினோம்.

பசுமை அதிகாரி இரண்டு கார்களில் வந்தார். அவர் ஒரு காரில், படம் எடுப்பவர் ஒரு காரில். முப்பது நிமிடம் விளக்கை அணைப்பதன் அவசியத்தை முக்கால் மணி நேரம் ஒலிபெருக்கியில் விளக்கினார். குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓடியது. பிறகு எல்லோரும் எழுந்து நின்றோம். மேனேஜர் சுவிட்சுப் பலகைக்கு முன்னால் போனார். அங்கே வரிசையாக இருக்கும் சுவிட்சுகளில், ஒரு மாதமாக யார் கையும் படாமல் தூசி படிந்திருந்த பதிவறை சுவிட்சை அவர் ஒரு நொடி பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். மெயினைக் கீழே இழுத்தார்.

ஜன்னல் இல்லாத கூடம். பட்டப்பகல் மூன்று மணிக்கு அமாவாசை. அதிகாரி, இந்த இருளில் நாம் எல்லோரும் மௌனமாக இருந்து பூமியின் குரலைக் கேட்க வேண்டும் என்றார். கேட்டோம்.

கீக்.

என் கம்பளிச் சட்டை விலை குறைந்த சட்டை. அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது.

கீக்.

"என்ன சத்தம் அது?" என்றது அதிகாரியின் குரல்.

அந்தச் சத்தம் என்ன, எதற்கு, அது இன்னும் இரண்டு நாள் உயிரோடு இருந்தால் யாருக்கு வேலை போகும் என்பது அந்தக் கூடத்தில் ஒருவருக்கு மிக நன்றாகத் தெரியும். வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாதவர் அவர்.

"எலி சார்" என்றார் மேனேஜர்.

"எலியா?"

"கிடங்குன்னா எலி இருக்கும் சார்."

கீக் என்றது எலி. அதன் மேலேயே மேனேஜர் இருமினார். மறுபடி கீக். மறுபடி இருமல். எலி பத்து நொடிக்கு ஒரு முறை கத்தியது. அவர் பத்து நொடிக்கு ஒரு முறை இருமினார். கடிகாரம் இல்லாத எங்கள் அலுவலகத்தில் அவ்வளவு துல்லியமாக நேரம் போனது அன்று ஒரு நாள்தான். அரைமணி நேரம். கடைசியில் அவருக்குக் குரலே போய்விட்டது.

விளக்கு வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பசுமை அதிகாரி மேனேஜரின் தோளைத் தொட்டார்.

"நீங்க ரெஸ்ட் எடுக்கணும்."

"எடுத்துக்கிறேன் சார்," என்றார் மேனேஜர் கரகரப்பாக. "சீக்கிரமே."

இருட்டைப் படம் எடுத்தவர் அதைச் சட்டம் போட்டு அனுப்பிவைத்தார். முழுக் கறுப்பு. இப்போதும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இடமிருந்து மூன்றாவது ஆள் நான்.

ஜனவரி முப்பத்தொன்று காலையில் பதிவறை அச்சு இயந்திரம் தானாகவே உறுமியது. பணி ஆணை. 'சுவர்க் கடிகாரம் – பேட்டரி மாற்றுக.' மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அதைப் போடும்போது பேனா ஒரு இடத்தில் நின்றது, பிறகு நகர்ந்தது. மெக்கானிக் ஆணையைப் படித்துவிட்டு, எதுவாக இருந்தால் என்ன, பேட்டரி பேட்டரிதானே என்று சட்டைப் பையில் கை விட்டார். ஏழு மாதம் அந்தப் பையிலேயே கிடந்த பேட்டரி. உள்ளே போட்டு மூடினார். இரண்டு நிமிடம் என்று சொல்லியிருந்தார். ஒன்றரை நிமிடம்தான் ஆயிற்று.

மேனேஜர் கடவுச்சொல்லைத் தட்டி, அன்றைய உண்மையான தேதியைப் பதித்தார். மோசடி என்று யாரும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் திடுக்கிட்டு எழுந்த மாதிரி வரிசையாகச் செய்திகளைக் காட்டியது. நான் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு மகள் பிறந்தாள். நான் விடுப்புக்குத் தகுதி பெற்றேன். அக்காவுக்கு ஒரே மூச்சில் பதினாறு வயது கூடியது. கடைசியாக ஒரு சிவப்புக் கட்டம் வந்தது. 'மேலாளர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். 72 நாட்கள் ஆகின்றன.'

எல்லோரும் அதைப் படித்தோம். மேனேஜரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து என்னிடம் கொடுத்தார். முந்தின நாள் தன் கையால் எழுதிய என் லீவு ஆணை. ஒரு மாதம். கீழே நேர்கோட்டில் கையெழுத்து.

"எழுதும்போது இன்னும் ஒரு நாள் இருக்குன்னு நினைச்சேன்பா," என்றார். "எழுபத்திரண்டு நாளா நான் வேலையிலயே இல்லையாம்."

இரும்பு அலமாரிக்கு முன்னால் போய்ச் சாவியோடு நின்றார். உள்ளே என் பாஸ்போர்ட். அவர் கை ஒரு தரம் பூட்டு வரை போனது. ஓய்வு பெற்றவன் அலுவலக அலமாரியைத் திறந்தால் அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியும். சாவியை உறையில் போட்டு, அரக்கு வைத்து, 'புதிய மேலாளருக்கு' என்று எழுதி, அக்காவிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். அவர் பொய் சொன்னது ஒரே ஒரு எலியைப் பற்றி மட்டும்தான். திருட்டு வரைக்கும் போகவில்லை.

என் லீவு ஆணையைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினோம். 'ஓய்வு பெற்றவரின் கையொப்பம் செல்லாது. விண்ணப்பத்தைப் புதிய மேலாளர் வழியாக அனுப்பவும்' என்று பதில் வந்தது. புதிய மேலாளர் எப்போது வருவார் என்று கேட்டோம். 'மேலாளர் பணியிடம் காலியாக இருப்பதாக மேலாளர் முறைப்படி தெரிவித்தால் பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது.

பழைய மேனேஜர் காலை எட்டு மணிக்கு எதிரேயுள்ள டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். பேப்பரை விரித்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும், "எத்தனை நாளாச்சுப்பா?" என்பார். நான் எண்ணைச் சொல்வேன். தலையாட்டிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விடுவார்.

நேற்று மனைவி பேசினாள். மகள் இப்போது ஓடுகிறாளாம். போனை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை போய், "அப்பாவக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்று சொல்லித் திரும்பி வருகிறாளாம். அலுவலகம் இரண்டு வருடமாகச் செய்ய முடியாததை அவள் தினமும் மாலையில் செய்கிறாள்.

எங்கள் கம்ப்யூட்டர் இப்போது ஒரு நொடி கூடப் பிசகுவதில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் அலமாரிக்குள்ளேயே இருக்கிறது. காலையில் பதிவறையில் திரையைத் திறந்ததும் என் விண்ணப்பத்துக்கு எதிரே, 'நிலுவையில் உள்ள நாட்கள்' என்று அழகாகத் தெரிகிறது. நேற்று நூற்றுப் பன்னிரண்டு. இன்று நூற்றுப் பதிமூன்று. முன்பானால் பூஜ்யம் என்று சொல்லும். இவ்வளவு துல்லியம் எங்களுக்கு எப்போதும் வாய்த்ததில்லை.

அந்தப் பழைய பேட்டரியை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஏழு மாதம் அதைத் திட்டியிருக்கிறேன். இப்போது மேஜை மேல் வைத்துத் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். பாவம், அது செத்த பிறகுதான் வேலையை நிறுத்தியது. எங்கள் தலைமை அலுவலகத்தில் எல்லோரும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறார்கள்.